நாகப்பட்டினம் சூடாமணி விகாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினத்துக்கு நண்பர்களையும் உறவினர்களையும் கூட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு முறையும் வேளாங்கண்ணி, நாகூர், காயாரோகணம் எல்லாம் பார்த்து முடித்த பிறகு யாராவது ஒருவர், “இங்கே ஒரு புத்த மடம் இருந்ததாமே, அது எங்கே?” என்று கேட்பார். அதைத் தொடர்ந்து வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சூடாமணி விகாரம்னா என்ன? கோயிலா, மடமா?

இரண்டும் சேர்ந்தது. விகாரம் என்பது பிக்குகள் தங்கிப் படித்து, தியானம் செய்து வாழும் இடம். அதற்குள்ளேயே புத்தருக்குச் சன்னதியும் வழிபாடும் இருக்கும். சோழர் காலத் தமிழில் இதைப் ‘பள்ளி’ என்றார்கள். சமணர்களுடைய இருப்பிடத்துக்கும் அதே பெயர்தான். இன்று பிள்ளைகள் படிக்கப் போகிற பள்ளிக்கூடத்துக்கும் பெயர் அங்கிருந்து வந்தது என்பார்கள். அப்படிப்பட்ட பள்ளிக்கு விட்ட நிலம் ‘பள்ளிச்சந்தம்’.

நாகப்பட்டினத்து விகாரம் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. கடலுக்கு அப்பால் ஆண்ட ஒரு அரச குடும்பம் கட்டியது, சோழ அரசர்கள் ஊர் கொடுத்து ஆதரித்தது. தமிழ்நாட்டுப் பௌத்தத்தின் கடைசிப் பெரிய நிலையம் என்று இதைச் சொல்லலாம்.

இப்போ போனா பார்க்க முடியுமா? இடிபாடாவது இருக்கா?

தரைக்கு மேலே விகாரம் என்று காட்ட ஒன்றும் இல்லை. இதைக் கேட்டதும் எல்லாருக்கும் முகம் வாடிவிடும், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. நகரின் வடபகுதியில் வெளிப்பாளையம், அப்புறம் நாணயக்காரத் தெரு, இந்த இரண்டு இடங்களில்தான் புத்தர் சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து ஏராளமாக வந்தன. விகாரத்தைச் சேர்ந்தவர்கள் நடமாடிய வட்டாரம் இதுவென்று சொல்ல அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் ‘தடயமே இல்லாமல் போய்விட்டது’ என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கட்டடம் போனாலும் அதன் நிலக் கணக்கு, கட்டியவர் பெயர், வரி விவரம், வழிபட்ட சிலைகள் எல்லாம் மிஞ்சியிருக்கின்றன. இன்றும் நின்றுகொண்டிருக்கிற எத்தனையோ கோயில்களைப் பற்றி இவ்வளவு தெரியாது.

ராஜராஜ சோழன் கட்டினதுதானே?

இல்லை. ராஜராஜன் ஊர் கொடுத்தவன். கட்டியவர்கள் ஸ்ரீவிஜய அரசர்கள், அதாவது சுமத்ராவையும் மலாய்க் கரையில் உள்ள கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர வம்சத்தார். சூளாமணிவர்மன் என்ற அரசன் தொடங்கினான். அவன் மகன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் முடித்து, தந்தையின் பெயரையே வைத்தான்.

இதைச் சொல்வது ஆனைமங்கலச் செப்பேடு, அதாவது ராஜராஜன் ஆனைமங்கலம் என்ற ஊரை விகாரத்துக்குக் கொடுத்ததைப் பதிவு செய்த செப்பேடு. அதன் தமிழ்ப் பகுதியில் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் நாகப்பட்டினத்தில் ‘எடுப்பிக்கின்ற’ விகாரம் என்று நிகழ்காலத்தில் வருகிறது. அதாவது ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில், 1005-06 வாக்கில், வேலை நடந்துகொண்டிருந்தது. பின்னால் ராஜேந்திரன் காலத்தில் எழுதிய வடமொழிப் பகுதி மகனின் பெயரைச் சொல்லி, மேருமலையையே தாழ்த்தும் உயரம் என்று முடிந்த கட்டடத்தைப் புகழ்கிறது. ஒரே ஆவணத்துக்குள் கட்டடம் வளர்வது தெரிகிறது பாருங்கள். அந்த ஒரு வினைச்சொல்லைப் படிக்கும்போதெல்லாம் சாரமும் செங்கல் குவியலும் என் கண்முன் வந்துவிடும்.

பேர் சூடாமணியா, சூளாமணியா?

ஒரே சொல்தான். வடமொழியில் சூடாமணி, தமிழில் சூளாமணி. முடியில் சூடும் மணி என்று பொருள்.

‘பொன்னியின் செல்வன்’ல அருள்மொழிவர்மர் அங்கேதானே தங்கியிருந்தார்? அது நடந்ததா?

நாகப்பட்டினம் என்றாலே பலருக்கு விகாரம் நினைவுக்கு வருவது அந்த நாவலால்தான். அதற்காகவே கல்கிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கதை நடப்பது ராஜராஜன் அரியணை ஏறுவதற்கு முன்பு. அவன் முடிசூடியது 985-ல். மேலே சொன்னபடி, சூளாமணிவர்மன் விகாரத்தை எடுப்பித்துக்கொண்டிருந்தது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து. ஆகவே அந்தப் பெயருள்ள விகாரத்தில் இளவரசன் காய்ச்சலோடு படுத்திருக்க வழியில்லை.

அதற்காக அந்தக் காலத்து நாகப்பட்டினத்தில் பௌத்தர்களே இல்லை என்று நினைக்க வேண்டாம். 7-ஆம் நூற்றாண்டிலேயே சீனப் பிக்குகள் இந்தத் துறைமுகம் வழியாகப் போயிருக்கிறார்கள். வூசிங் என்பவர் கடாரத்திலிருந்து கப்பலேறி ஒரு மாதப் பயணத்தில் நாகப்பட்டினம் வந்து, இங்கிருந்து இரண்டு நாளில் இலங்கை போனதாக அதே காலத்துச் சீனப் பிக்கு யீஜிங் எழுதி வைத்திருக்கிறார். நாவலாசிரியர் சில ஆண்டுகளை முன்னால் இழுத்துக்கொண்டார். ஊரின் தன்மையைத் தவறாகச் சொல்லவில்லை.

பெரிய கோயில் கட்டின சிவபக்தன் புத்த மடத்துக்கு ஏன் ஊர் கொடுக்கணும்?

அந்தக் காலத்து அரசனுக்கு இது முரணாகத் தெரிந்திருக்காது. தன் நாட்டில் உள்ள எல்லாச் சமயத்தாரையும் காப்பது அரசன் கடமை என்ற எண்ணம் ஒன்று. அதோடு வணிகம். சீனத்துக்குப் போகும் கப்பல் மலாக்கா நீரிணையைத் தாண்ட வேண்டும், அந்த வழி ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. சோழரின் முதல் தூதுக்குழு சீன அரசவையை அடைந்தது 1015-ல். நடுவில் இருக்கிற அரசனோடு நட்பாக இருப்பது அப்போது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்ரீவிஜய அரசர்கள் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். போகிற இடமெல்லாம் புண்ணியத் தலம் எழுப்புவது அவர்கள் வழக்கம். 9-ஆம் நூற்றாண்டில் சைலேந்திர அரசன் பாலபுத்திரதேவன் நாளந்தாவில் ஒரு விகாரம் கட்டினான், வங்கத்துப் பால அரசன் தேவபாலன் அதற்கு ஐந்து ஊர்கள் கொடுத்தான். 1003-ல் இதே சூளாமணிவர்மன் சீனப் பேரரசருக்குத் தூது அனுப்பி, ‘உங்கள் நீண்ட ஆயுளுக்காக எங்கள் நாட்டில் ஒரு புத்தர் கோயில் கட்டியிருக்கிறோம், அதற்கு ஒரு பெயரும் மணியும் தர வேண்டும்’ என்று கேட்டான். பேரரசரும் கொடுத்தார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நாகப்பட்டினம். கட்டுவது விருந்தாளி, சோறு போடுவது வீட்டுக்காரர். நாளந்தாவில் நடந்ததே இங்கும் நடந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே ஸ்ரீவிஜய அரசரின் ஆட்கள் நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலான காயாரோகணத்துக்கும் நகைகளும் விளக்கும் கொடுத்திருக்கிறார்கள். கல்வெட்டில் ‘சீனக்கனகம்’ என்று சீனத்துப் பொன் வருகிறது. சைவ அரசன் புத்தருக்குக் கொடுத்தது மட்டும்தான் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பௌத்த அரசன் சிவனுக்குக் கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் இயல்பாகத் தெரியும்.

ஒரு ஊரைக் கொடுக்கிறதுன்னா என்ன அர்த்தம்? அங்கே இருக்கிற ஜனங்களையும் சேர்த்தா?

ஊரின் வருமானத்தைக் கொடுப்பது. ஆனைமங்கலம் இன்றும் கீழ்வேளூர் வட்டாரத்தில் இருக்கிறது. அதன் நிலம் 97 வேலிக்கு மேல். அரசனுக்குச் சேர வேண்டிய நெல் ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல். நாழி வரைக்கும் துல்லியமாகக் கணக்கு எழுதியிருக்கிறார்கள். அந்த நெல் இனி அரண்மனைக்குப் போகாது, பள்ளிக்குப் போகும். பிக்குகளின் சாப்பாடு, பூசை, பராமரிப்பு எல்லாம் அதிலிருந்துதான்.

கொடுத்த முறையைப் படித்தால் நேரில் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும். அரசன் வாயால் சொல்கிறான், அதிகாரிகள் அதை ஓலையில் எழுதிக் கணக்கில் ஏற்றுகிறார்கள். அப்புறம் ஊருக்கு வருகிறார்கள். ஒரு பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள் கூடவே நடந்து, அது போன வழியில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். ‘பிடி சூழ்ந்து’ என்பது இதுதான். பிடி என்றால் பெண் யானை. யானை மிதித்த வழி ஊரே பார்த்த வழி, நாளைக்கு வரப்புத் தகராறு வந்தால் யாரும் மறுக்க முடியாது.

பிறகு உரிமைகள் வரிசையாக வருகின்றன. சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், கிணறு வெட்டலாம், தென்னந்தோப்பு போடலாம், மருவும் செண்பகமும் செங்கழுநீரும் நடலாம், பெரிய செக்கு வைக்கலாம். வாய்க்கால் தண்ணீரை வெளியாள் வெட்டிக்கொண்டு போகக் கூடாது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இந்தக் கடைசி வரி புரியும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் சண்டை தண்ணீருக்குத்தான்.

ராஜேந்திரன் கடாரத்தை அடிச்சானே, அதுக்கப்புறம் விகாரத்தை விட்டு வைச்சானா?

விட்டு வைத்தான் என்பதைவிட, படையெடுப்பு விகாரத்தைத் தொடவே இல்லை என்பதுதான் சரி. ராஜராஜன் வாய்மொழியாகக் கொடுத்ததைச் செப்பேட்டில் வெட்டி நிலைநிறுத்தியதே ராஜேந்திரன்தான், செப்பேட்டு வளையத்தில் இருப்பது அவன் முத்திரை. 1025-ல் அவன் படை ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. அதற்குப் பிறகும் நாகப்பட்டினத்துப் பள்ளி நன்றாகவே இருந்திருக்கிறது.

1090-ல் முதலாம் குலோத்துங்கன் கொடுத்த இன்னொரு செப்பேடு இதைக் காட்டுகிறது. கடாரத்து அரசன் இரண்டு தூதர்களை அனுப்பிக் கேட்க, குலோத்துங்கன் பள்ளிக்குச் சொந்தமான ஊர்களுக்கு வரிவிலக்கு தந்து உரிமையைப் பள்ளிச் சங்கத்தாரிடம் உறுதிப்படுத்தினான். அதில் இரண்டு பள்ளிகள் வருகின்றன: இராசராசப் பெரும்பள்ளி, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி. கடாரத்தைத் தாக்கியவன் பெயரிலேயே கடாரத்தான் ஆதரித்த இடத்தில் ஒரு பள்ளி! அரசியல் சண்டை வேறு, அறக்கட்டளை வேறு என்று இரு தரப்பும் நடந்துகொண்டது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

அந்தச் செப்பேடு ஏன் ஹாலந்துக்குப் போச்சு?

நாகப்பட்டினம் 1658-ல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போனது, 1690-ல் சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடமும் ஆனது. 1781-ல் ஆங்கிலேயர் பிடிக்கும் வரை அவர்கள் ஊர். அந்தக் காலத்தில் டச்சுக்காரர் வழியாகச் செப்பேடுகள் ஐரோப்பா போய், 1862-ல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தன. அதனால்தான் ஆய்வாளர்கள் இவற்றை லெய்டன் செப்பேடுகள் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். திருப்பித் தரும்படி நெதர்லாந்திடம் இந்தியா முறையாகக் கேட்டது.

பெரியது 21 ஏடுகள்: 5 வடமொழி, 16 தமிழ். எடை சுமார் 30 கிலோ. சிறியது, அதாவது குலோத்துங்கன் கொடுத்தது, 3 ஏடுகள். என்னைக் கேட்டால் ஆனைமங்கலச் செப்பேடு என்றே சொல்வேன். போய்ச் சேர்ந்த ஊரின் பெயரைவிட, யானை நடந்த ஊரின் பெயர்தான் அதற்குப் பொருத்தம்.

‘சீனா கோபுரம்’னு பழைய ஆட்கள் சொல்றாங்களே, அது எது?

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஓரிரு மைல் தூரத்தில் 19-ஆம் நூற்றாண்டு வரை ஒரு செங்கல் கோபுரம் நின்றது. ஊரார் அதைப் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர்கள் சீனப் பகோடா என்றும் கறுப்புப் பகோடா என்றும் சொன்னார்கள். கடலில் வருகிற மாலுமிகளுக்கு அது ஒரு அடையாளம்.

1846-ல் வால்டர் எலியட் என்ற அதிகாரி அதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். நாற்கரம் மாதிரியான அமைப்பு, மூன்று அடுக்கு, சுமார் 30 அடி உயரம். சாந்து இல்லாமல் செங்கல்லோடு செங்கல் நெருக்கிப் பொருத்தியது. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு திறப்பு. உள்ளே மேல்தளம் பதிந்திருந்த அடையாளம் சுவரில் இருந்தது, தளம் இல்லை. உச்சி திறந்து கிடந்தது. கீழ் மூலைகள் மட்டும் போகிற வருகிற ஆட்களும் மாடுகளும் உரசி உரசித் தேய்ந்திருந்தன. மற்றபடி உறுதியாக நின்றது என்கிறார். மாடு முதுகு சொறிந்துகொள்கிற அளவுக்கு ஊரோடு ஊராகக் கலந்திருந்த ஒரு கோபுரம்.

அப்போ அந்தக் கோபுரம்தான் சூடாமணி விகாரமா?

இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘சூடாமணி விகாரம் 1867-ல் இடிக்கப்பட்டது’ என்று நேராக எழுதிவிடுகிறார்கள். அப்படி அடித்துச் சொல்ல முடியாது. கோபுரத்தின் மீது பெயர் சொல்லும் கல்வெட்டு எதுவும் இல்லை. சீனப் பயணி வாங் தாயுவான் 14-ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில், இந்தக் கரையில் ஒரு செங்கல் கோபுரம் இருப்பதாகவும், 1267-க்கு இணையான சீன ஆண்டில் வேலை முடிந்ததென்று அதில் சீன எழுத்து இருப்பதாகவும் சொல்கிறார். எலியட் பார்த்தது அந்தச் சீனர்கள் எழுப்பியதாகவும் இருக்கலாம். ‘சீனா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

என் கருத்து இது: 11-ஆம் நூற்றாண்டு விகாரத்தைச் சுற்றி ஒரு பௌத்தக் குடியிருப்பே வளர்ந்தது. கடாரத்தார், சீனர், உள்ளூர்த் தமிழர் என்று ஆளாளுக்கு அதில் கட்டிச் சேர்த்தார்கள். குலோத்துங்கன் செப்பேட்டிலேயே இரண்டு பள்ளிகள் வருவதைச் சொன்னேன். அந்தத் தொகுதியில் கடைசியாக நின்றது இந்தக் கோபுரம். விகாரத்தின் முகவரி என்று அதைச் சொல்லலாம், விகாரமே என்று சொல்லக் கூடாது.

அதை ஏன் இடிச்சாங்க? தானா விழலையா?

தானாக விழவில்லை. பக்கத்தில் கல்லூரி நடத்திய இயேசு சபையினர் அதை இடிக்க 1859-லேயே சென்னை அரசிடம் விண்ணப்பித்தார்கள். 1867-ல் அனுமதி கிடைத்தது, இடித்தார்கள். பின்னால் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரிதான் அந்தக் கல்லூரி.

பழம்பொருள்களைக் காக்கத் தனிச் சட்டம் வராத காலம் அது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் மனம் ஆறுவதில்லை. அறுநூறு ஆண்டு மழையும் வங்கக் கடலின் புயல்களும் செய்யாததை ஒரு அரசாணை செய்துவிட்டது. இருபது முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்திருந்தால் தொல்லியல் துறை அதைக் கையில் எடுத்திருக்கும். இன்று நாகப்பட்டினம் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திருமங்கையாழ்வார் தங்கப் புத்தரை எடுத்துட்டுப் போய் ஸ்ரீரங்கம் மதில் கட்டினார்னு சொல்றாங்களே?

வைணவ குருபரம்பரைக் கதைகளில் வருவது. நாகப்பட்டினத்து விகாரத்திலிருந்து பொன்னாலான புத்தர் சிலையைக் கொண்டுபோய் உருக்கித் திருவரங்கத் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது கதை. ஆழ்வாரின் காலம் 8-9-ஆம் நூற்றாண்டு. கதையில் உண்மை இருந்தால்கூட அது சூளாமணிவர்மன் விகாரம் அல்ல, அதற்கு முன்னால் இருந்த ஏதோ ஒன்று. எழுதிய காலமும் ஆழ்வாருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது. எழுதியவர்கள் தங்கள் காலத்தில் கேள்விப்பட்ட பெரிய விகாரத்தை மனதில் வைத்து எழுதியிருக்கலாம்.

சைவர்கள்தான் அழிச்சாங்களா, முஸ்லிம் படையெடுப்பா, போர்த்துகீசியரா? யார் பேர் சொல்றது?

யாரோ ஒருவரைப் பிடித்துக் குற்றம் சொல்ல வேண்டும் என்ற ஆசையோடுதான் இந்தக் கேள்வி பெரும்பாலும் வரும். ஒரே நாளில் யாரும் வந்து அழித்ததாகச் சான்று இல்லை. மெல்ல மெல்ல ஓய்ந்தது என்றுதான் கிடைத்த தடயங்கள் காட்டுகின்றன. விகாரத்துக்குச் சோறு போட்ட இரண்டு கைகளும் தளர்ந்தன: 13-ஆம் நூற்றாண்டில் சோழர் ஆட்சி முடிந்தது, ஸ்ரீவிஜயமும் சிதறியது. நெல் வரத்து நின்றால் எந்த மடம் நிற்கும்?

ஆனால் பௌத்தம் உடனே போய்விடவில்லை. 15-ஆம் நூற்றாண்டில் பர்மாவின் பெகு நாட்டுத் தேரர்கள், அதாவது மூத்த பிக்குகள், இலங்கை போய்த் திரும்பும்போது கப்பல் உடைந்து, நாகப்பட்டினம் வந்தார்கள். பதரிகாராமம் என்ற பள்ளி இருந்த இடத்தைப் பார்த்து, கடற்கரையில் சீன அரசன் ஏற்பாட்டில் அமைந்த குகையில் புத்தரை வணங்கினார்கள் என்று தம்மசேதி அரசன் வைத்த கல்யாணிக் கல்வெட்டு சொல்கிறது. பள்ளி ‘இருந்த இடம்’ என்பதைக் கவனியுங்கள். கட்டடம் போயிருந்தது, கும்பிட வருகிறவர்கள் இருந்தார்கள்.

அந்தப் புத்தர் சிலைகளை எங்கே பார்க்கலாம்?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். 1856-ல் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய இலுப்பை மரத்தை அகற்றியபோது அடியில் ஐந்து சிலைகள் கிடைத்தன. அப்போது தொடங்கி 1930-கள் வரை நாகப்பட்டினம் மண்ணிலிருந்து 350 அளவுக்குப் பௌத்தச் செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. தொல்லியலாளர் டி. என். இராமச்சந்திரன் அவற்றை ஆராய்ந்து 1954-ல் அருங்காட்சியக வெளியீடாக எழுதினார். 11-ஆம் நூற்றாண்டில் தொடங்கி 17-ஆம் நூற்றாண்டு வரை வார்த்தவை அதில் உண்டு. மேலே சொன்ன ‘மெல்ல ஓய்ந்தது’ என்பதற்கு இதுவே நேரடிச் சாட்சி.

போனால் தலையைப் பாருங்கள். சுருள் முடிக்கு மேலே உச்சியில் ஒரு தீச்சுடர் நிற்கும், நாகப்பட்டினத்துப் புத்தர்களின் அடையாளம் அது. கையளவுச் சிலைகள் நிறைய உண்டு. பெரிய சன்னதிக்கு வார்க்க வசதியில்லாத ஒருவர் தன் வேண்டுதலுக்குச் செய்து வைத்தவையாக அவை இருக்கலாம். சிலவற்றின் பீடத்தில் தமிழ் எழுத்து வெட்டியிருக்கிறது. கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தால் தெரியும்.